31ஆம் இலக்கச் சட்டை யாருடையது?

போன வருசம் எங்கட ஊர் அண்ணா ஒருத்தர் தன்ர படத்தை றோட்டோரப் பதாகை ஒன்றில் கண்டார். பதினெட்டு வயதில் எடுத்த படம். கையில் கூடைப்பந்து, கால் இரண்டும் நிலத்தில் இல்லை. கீழே புதிய கூடைப்பந்து மைதானத்துக்கு நிதி கேட்டு ஒரு வரி, அதோடு லண்டனிலும் ரொறன்ரோவிலும் காசு சேர்க்கிறவர்களின் தொலைபேசி இலக்கங்கள். அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் வைத்த பதாகை அது. படத்தைப் போடலாமோ எண்டு அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. மைதானம் திறந்த அன்றைக்கு அழைப்பும் வரவில்லை.

அண்ணா இப்ப மருதனார்மடத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். சீமெந்துப் பை ஏத்தி இறக்கிற வேலை. வலது முழங்கால் மடங்கக் கஷ்டம். அது விளையாடின காலத்துக் காயம். பதாகையைக் கண்டதும் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமோ? அந்த நிதிக்குத் தானும் 5000 ரூபா குடுத்ததுதான். ஏன் அண்ணா எண்டு கேட்டால், "என்ர பள்ளிக்கூடம்தானே" என்கிறார்.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற நாலைந்து பேர். பின்னேரங்களில் இணுவிலில் கூடி இருந்து தேவையில்லாத எல்லாத்தையும் பற்றிக் கதைக்கிறது வழக்கம். அப்படி ஒரு நாள் அண்ணாவுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஒருவரின் கதையைச் சொன்னோம். அவரும் தன்னுடைய படத்தைத் தனக்குத் தெரியாமல் கண்டவர். அவர் காசு குடுக்கவில்லை, வழக்குப் போட்டார். அண்ணா கடைசி வரைக்கும் பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப அவனுக்குப் பள்ளிக்கூடத்தோட கோவமோ?" அந்த இடத்தில் எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்ததுதான் இது.

அந்த வீரரின் பெயர் எட் ஓபானன். 1972இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 1990இல் யூ.சி.எல்.ஏ. எனப்படும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்குப் படிக்க வந்தார். முதல் போட்டி ஆட முதலே முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்ப ஓட முடியுமோ என்ற நிலைமை. அதிலிருந்து மீண்டு வந்தவர்தான் 1995 ஏப்ரல் 3ஆம் திகதி சியாட்டிலில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் 30 புள்ளிகள் எடுத்து, 17 தடவை திரும்பி வந்த பந்தைப் பறித்து, முதல் வருசத்துச் சம்பியனான ஆர்கன்சோவை 89-78 என்று வெல்ல வைத்தார். அணியின் முக்கிய ஆட்டக்காரர் டயஸ் எட்னி மணிக்கட்டுக் காயத்தோடு தொடக்கத்திலேயே வெளியே போய்விட்ட போட்டி அது. அவருடைய தம்பி சார்ள்ஸும் அதே அணியில் ஆடினார்.

அந்த வெற்றி அவர்களுக்கு எவ்வளவு பெரிசு என்று விளங்க ஒரு விசயம் தெரிய வேணும். ஜோன் வூடன் பயிற்றுவித்த காலத்தில் யூ.சி.எல்.ஏ. 1964 முதல் 1975 வரையான பன்னிரண்டு வருடங்களில் பத்துத் தடவை சம்பியன். அப்துல் ஜபாரும் பில் வோல்டனும் அந்தக் காலத்தில் அங்கே ஆடினவர்கள். பிறகு இருபது வருசம் ஒன்றுமில்லை. அந்த வறட்சியை முடித்தவர் ஓபானன். 1996இல் பல்கலைக்கழகம் அவருடைய 31ஆம் இலக்கச் சட்டையை இனி ஒருத்தருக்கும் குடுப்பதில்லை என்று எடுத்து வைத்தது.

யூ.சி.எல்.ஏ. என்ற பெயர் யாழ்ப்பாணத்துக்குப் புதிசில்லை. யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்து, ஆபிரிக்கா வரை போய்ப் படிப்பித்து, 2024இல் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். எங்கட பெரியாக்களுக்கு அவர் எப்பவும் 'சென்ரலின்ர எதிர்'தான். எத்தனை நாடு போனாலும் பெயரோடு பள்ளிக்கூடம் ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒருத்தரை அறிமுகப்படுத்தும்போது ஊர் முதலா பள்ளிக்கூடம் முதலா என்பதே சந்தேகம்.

எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலத்தில் விளையாட்டுக்குக் காசு வாங்குவது குற்றம். அமெச்சூர் விதி என்பார்கள். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அதுக்கு முதல் எங்கேயோ சின்னக் கழகம் ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடினார் என்று பதக்கங்களைப் பறித்தார்கள். 1982இல்தான் திருப்பித் தர முடிவெடுத்தார்கள். அவர் செத்து அப்பவே 29 வருசம். இந்த விதியை உண்டாக்கினவர்கள் சம்பளத்துக்காக வேலை செய்யத் தேவையில்லாத இங்கிலாந்துக் கனவான்கள் என்பதை வரலாறு படிக்கிற நாங்கள் மறக்கக் கூடாது. உழைச்சுச் சாப்பிடுகிறவன் போட்டிக்கு வராமல் தடுக்க நல்ல வேலி அது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இந்த வேலிக்கு இன்னொரு பெயர் வைத்தார்கள்: 'மாணவ வீரர்'. கேட்க நல்லாய்த்தான் இருக்கு. அது வந்த கதை அவ்வளவு நல்லதில்லை. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி மாணவர் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். வேலைத்தலத்தில் இறந்தவருக்குக் கிடைக்கிற நட்டஈட்டை அவருடைய மனைவி கேட்டார். 1957இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் இல்லை என்றது. கல்லூரி ஃபுட்போல் வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே அவர் ஊழியர் இல்லை என்பது தீர்ப்பு. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான் 'மாணவ வீரர்' என்ற சொல்லை உருவாக்கி எல்லா இடத்திலும் எழுத வைத்தோம் என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைமை நிர்வாகியாக நீண்ட காலம் இருந்த வோல்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். அந்தப் புத்தகம் வந்தது 1995இல். ஓபானன் கிண்ணம் தூக்கிய அதே வருசம்.

அந்த வருசத்து இறுதிப் போட்டியைக் காட்டின சி.பி.எஸ். தொலைக்காட்சி, 1991 தொடக்கம் ஏழு வருடத்துக்கு என்.சி.ஏ.ஏ.க்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை ஒரு பில்லியன் டொலர். 2010இல் போட்ட ஒப்பந்தம் 14 வருடத்துக்கு 10.8 பில்லியன். பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு, சப்பாத்துக் கொம்பனிக்கு இலாபம் உண்டு, அறிவிப்பாளருக்கும் உண்டு. ஆடுகிறவனுக்குப் படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும். அதைச் சும்மா என்று சொல்ல ஏலாது. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கு எவ்வளவு காசு என்று கேட்டால் எங்களுக்குத் தலை சுத்தும். ஆனால் ஓபானன் பிறகு நீதிமன்றத்தில் சொன்ன கணக்கைப் பாருங்கோ: வாரத்துக்கு 40, 45 மணித்தியாலம் கூடைப்பந்து, படிப்புக்கு 12 மணித்தியாலம் அளவில். தான் மாணவன் வேசம் போட்ட வீரன் என்ற கருத்துப்பட அவர் சாட்சியம் சொன்னார்.

ஓய்வு பெற்ற நட்சத்திரமும் காசும் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது வேறு மாதிரிக் கதை. அன்ரோயின் வோக்கர் என்று ஒருவர் இருக்கிறார். 1996இல் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்துக்குச் சம்பியன் பட்டம் வாங்கிக் குடுத்து, தொழில்முறை ஆட்டத்தில் 108 மில்லியன் டொலருக்கு மேல் உழைத்து, 2010இல் வங்குறோத்து அறிவித்தவர். சூதாட்டம், வீடுகள், கார்கள், பிழைத்துப்போன காணி வியாபாரம். அந்தக் கதைகளை வாசிக்கும்போது எங்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம் வருகுது பாருங்கோ, 'உழைச்சதெல்லாம் அழிச்சிட்டான்' எண்டு, அதை நாங்கள் கொஞ்சம் சந்தேகிக்க வேணும். ஓபானனின் கதை அது இல்லை. 1995இல் நியூ ஜேர்சி நெற்ஸ் அவரை ஒன்பதாவது ஆளாகத் தெரிவு செய்தது. தொழில்முறை ஆட்டம் அவருக்குச் சரிவரவில்லை. இரண்டு பருவங்களோடு என்.பி.ஏ. முடிந்தது. பிறகு இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம், ஆர்ஜென்ரினா, போலந்து என்று கழகம் கழகமாகப் போய் ஆடி, 2004இல் நிறுத்தினார். நெவாடாவில் கார் விற்கிற இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மனைவி, பிள்ளைகள், மாசச் சம்பளம். கடனாளியும் இல்லை, கோடீஸ்வரனும் இல்லை. அவருடைய வாழ்க்கையில் சந்தையில் அவருக்கு உச்ச விலை இருந்தது கல்லூரியில் ஆடின அந்த நாலு வருசம்தான். அந்த நாலு வருசத்தில்தான் காசு வாங்கத் தடை. இதை நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. வோக்கர் போன்றவர்கள் கல்லூரியில் வாங்காததைப் பிறகு பல மடங்காய் வாங்கினார்கள். பெரும்பாலான கல்லூரி வீரர்களுக்கு அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.

2009இல் ஒரு நண்பரின் வீட்டில் அந்த நண்பரின் மகன் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான். கல்லூரிக் கூடைப்பந்து கேம். அதில் பழைய சம்பியன் அணிகளும் உண்டு. 1995 யூ.சி.எல்.ஏ. அணியில் மொட்டைத் தலையோடு, 31ஆம் இலக்கச் சட்டையோடு, இடது கையால் பந்தை எறிகிற ஒருவன். பெயர் மட்டும் இல்லை. ஓபானனுக்கு முதலில் சந்தோசம்தான். பிறகு நண்பர் ஒன்று சொன்னார்: இந்த கேமுக்கு நான் 60 டொலர் குடுத்தேன், அதில உனக்கு ஒரு சதமும் வரேல்லை, என்ன? அந்த இடத்தில்தான் சிரிப்பு நின்றது.

அந்த வருசம் ஜூலையில் வழக்கு. பிரதிவாதிகள் மூன்று தரப்பு: என்.சி.ஏ.ஏ., அதன் உரிமங்களை விற்கிற கொம்பனி, கேமைச் செய்த எலக்ரோனிக் ஆர்ட்ஸ். வாதம் சுருக்கமானது. படிக்கும்போது அணிக்காக ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்ததால், படிப்பு முடிந்து பதினாலு வருசத்துக்குப் பிறகும் என்ர முகத்தை நீங்கள் விற்கலாமோ? எல்லாக் கல்லூரிகளும் சேர்ந்து வீரருக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று முடிவெடுப்பது, வியாபாரிகள் கூடி விலையை நிர்ணயிப்பதற்குச் சமம் இல்லையோ? 1890ஆம் ஆண்டு ஷேர்மன் சட்டம் தடுப்பது அதைத்தானே.

ஐந்து வருசம் இழுபட்டது. கேம் கொம்பனியும் உரிமக் கொம்பனியும் 40 மில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தன. விசாரணை தொடங்க முதல் ஓபானன் தரப்பு தங்களுக்கான தனிப்பட்ட நட்டஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, விதியை மாற்று என்ற கோரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டது. 2014 ஓகஸ்டில் நீதிபதி குளோடியா வில்கன் என்.சி.ஏ.ஏ.யின் விதி சட்டவிரோதம் என்றார். வீரரின் முழு வாழ்க்கைச் செலவைக் கல்லூரி கொடுக்கலாம், அதோடு வருடத்துக்கு 5000 டொலர் வரை ஒரு நம்பிக்கை நிதியில் போட்டு வைக்கலாம் என்றும் சொன்னார். அடுத்த வருசம் மேன்முறையீட்டு நீதிமன்றம் முதல் பகுதியை உறுதிசெய்து, 5000 டொலரை வெட்டியது. 2016இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. பார்த்தால் பாதி வெற்றி.

ஆனால் கதவு திறந்துவிட்டது. 2021 ஜூனில் வேறொரு வழக்கில் அதே உயர் நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து உழைக்கலாம். வழக்குக்குப் பயந்து நிறுத்தின கல்லூரி ஃபுட்போல் கேம் 2024இல் திரும்ப வந்தது, இந்த முறை ஒவ்வொரு வீரருக்கும் 600 டொலர் கொடுத்து. 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட இணக்கத்தின்படி கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாக, முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டொலர் வரை பகிரலாம். 2016க்குப் பிறகு ஆடினவர்களுக்கு நிலுவையாக 2.8 பில்லியன் அளவில்.

2016க்குப் பிறகு. ஓபானன் கடைசியாக யூ.சி.எல்.ஏ.க்கு ஆடினது 1995இல். அந்த நிலுவையில் அவருக்கு ஒன்றும் இல்லை.

மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேணும், இல்லாவிட்டால் எங்கட விரிவுரையாளர்கள் பேசுவார்கள். கூடைப்பந்தும் ஃபுட்போலும் உழைக்கிற காசில்தான் அமெரிக்கக் கல்லூரிகளில் நீச்சல், மெய்வல்லுனர், பெண்கள் அணிகள் ஓடுகின்றன. உழைக்கிற ஆட்டத்தின் வீரருக்கு அந்தக் காசு போனால், உயரம் பாய வருகிற அடுத்த வெளிநாட்டுப் பொடியனுக்கு யார் செலவழிப்பது? இது வெறும் சாட்டு இல்லை. எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. ஒருத்தி கேட்டாள்: "ஏழைப் பொடியன் ஆடி உழைச்சு நீச்சல் தடாகத்துக்குக் குடுக்கோணும் எண்டால், அதை அவனிட்டக் கேட்டுட்டே எடுக்கினம்?" இன்னும் முடியவில்லை அந்த வாக்குவாதம்.

எங்கட தீவில் கணக்கு வேறு. பள்ளிக்கூட விளையாட்டில் விற்கிறதுக்குத் தொலைக்காட்சி உரிமை பெரிசாய் ஒன்றும் இல்லை. விளையாடுகிறவருக்குச் சோறு போடுவது வங்கி அணி, இராணுவ அணி, பொலிஸ் அணி. விளையாட்டால் வேலை, வேலையால் சம்பளம். இணுவிலுக்குக் கிட்ட, புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலிருந்து போன தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் 2009, 2018, 2022 என்று மூன்று தடவை ஆசியக் கிண்ணம் எடுத்த அணியில் நின்றவர். அவரும் கழக ஆட்டத்துக்கு அவுஸ்திரேலியா வரை போக வேண்டி வந்தது. சிட்னி ஒலிம்பிக் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்கவே 2017இல் அந்தப் பதக்கத்தை விற்கப் போவதாகச் சொன்னார். நாடே கொண்டாடின ஓட்டத்துக்கு அந்த நிலைமை என்றால், மாகாணமட்டக் கூடைப்பந்துக்கு என்ன கிடைக்கும்?

ஒரு வித்தியாசம் எங்களுக்குப் பெரிசாய்த் தெரிகிறது. அங்கே காசு அணியிலிருந்து வெளியே போகிறது. இங்கே வெளியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. போரில் உடைந்த மண்டபங்களைத் திரும்பக் கட்டினதிலும், மைதானத்துக்கு லைட் போட்டதிலும் புலம்பெயர்ந்த பழைய மாணவர்களின் பங்கு பெரிசு. பனியில் நின்று இரண்டு வேலை செய்து அனுப்பின காசு அது. அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அந்தக் காசு ஏன் வருகிறது? யாரோ ஒரு பொடியன் ஒரு நாள் பாய்ந்த பாய்ச்சல் அவர்கள் மனதில் நிற்பதால் வருகிறது. அந்தப் பொடியனுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று எந்தப் பழைய மாணவர் சங்க யாப்பிலாவது இருக்கிறதா? நாங்கள் கேட்டுப் பார்த்த மூன்று சங்கங்களில் இல்லை. நினைவுக்கேடயம் இருக்கு.

இனி அண்ணாவின் கேள்வி. அவனுக்குப் பள்ளிக்கூடத்தோட கோவமோ? வழக்கின் பிரதிவாதிகளைத் திரும்பப் பாருங்கோ. மூன்று தரப்பில் யூ.சி.எல்.ஏ. இல்லை. அவருடைய சட்டை இன்றைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் மரியாதைப் பட்டியலில்தான். தன் அணியில் அவருக்கு அன்பு குறைந்ததாக நாங்கள் எங்கேயும் வாசிக்கவில்லை. அந்த கேமில் தன்னைக் கண்டு முதலில் சந்தோசப்பட்டதே அந்த அன்பால்தான். அந்த அன்பு இருப்பதால் காசு கேட்கமாட்டார்கள் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டதைத்தான் அவர் எதிர்த்தார்.

இதை அப்படியே அண்ணாவிடம் போய்ச் சொன்னோம். கடையில் சனம். கம்பி அளந்துகொண்டே கேட்டார். "அப்ப பள்ளிக்கூடத்துக்கு மேல வழக்குப் போடேல்லைத்தானே," என்று இரண்டு தரம் உறுதிப்படுத்தினார். முகத்தில் ஒரு ஆறுதல். நாங்கள் விடாமல், நீங்களும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதலாம், நாங்கள் எழுதித் தாறம் என்றோம். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

நாங்கள் சைக்கிளை எடுக்கும்போது பின்னால் வந்து கூப்பிட்டார். கடிதம் எழுதினால் காசு கேட்க வேண்டாம், அந்தப் படத்தின் ஒரு பிரதி மட்டும் கேளுங்கோ என்றார். இடம்பெயர்ந்தபோது வீட்டில் இருந்த படமெல்லாம் போய்விட்டதாம். தான் பாய்கிற படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லையாம், மகளுக்குக் காட்ட.

பதாகை அதற்குள் கழற்றியாயிற்று. கடிதம் எழுதி அனுப்பி ஏழு கிழமை. இன்னும் பதில் வரவில்லை.